ஜான்சன் – ஹூவர் தொலைபேசி உரையாடல்கள்

ஐக்கிய அமெரிக்காவின் 36ஆவது குடியரசுத் தலைவர் லிண்டன் பி. ஜான்சன். அந்நாட்டின் கூட்டரசுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் இயக்குநராக நெடுங்காலம் இருந்தவர் ஜே. எட்கர் ஹூவர். 1963 நவம்பர் மாதம் முதல் இவ்விருவரும் தொலைபேசியில் தனியாகப் பேசிக்கொண்டவற்றுள் பல ஒலிப்பதிவாகவும் தட்டச்சுப் படியாகவும் இன்று கிடைக்கின்றன. ஒரு கொலை வழக்கின் விசாரணை, மூன்று இளைஞர்களின் மறைவு, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், அரசியல் எதிரிகள் மீதான கண்காணிப்பு ஆகியவை இந்த உரையாடல்களிலும் அவற்றைச் சூழ்ந்த நிகழ்வுகளிலும் இடம்பெறுகின்றன.

நாட்டின் தலைவரும் காவல் அமைப்பின் தலைவரும் பிறர் அறியாமல் பேசும்போது சட்டம் எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு இந்தப் பதிவுகள் நேரடியான சான்றாக உள்ளன. எனவே வரலாறு, அரசியல் அறிவியல், சட்டம் ஆகியவற்றைப் படிக்கும் மாணவர்களுக்கு இவை பயன்படும்.

இருவரின் பின்னணி

ஹூவர் 1895 சனவரி 1 அன்று வாசிங்டனில் பிறந்தவர். 1924 மே மாதம், தம் 29ஆவது வயதில், புலனாய்வு அமைப்பின் பொறுப்புக்கு வந்தார். 1972 மே 2 அன்று இறக்கும்வரை அப்பதவியிலேயே இருந்தார். கூலிட்ச் முதல் நிக்சன் வரை எட்டுக் குடியரசுத் தலைவர்கள் மாறினார்கள். ஹூவர் மாறவில்லை. கைரேகைத் தொகுப்பு, ஆய்வுக்கூடம், முறையான பயிற்சி ஆகியவற்றைக் கொண்டுவந்து அந்த அமைப்பை வளர்த்தவர் அவரே. அரசியல்வாதிகளின் அந்தரங்கங்களைக் கோப்புகளாகச் சேர்த்துவைத்து அவர்களை அஞ்சவைத்தவரும் அவரே.

டெக்சாசு மாநிலத்தைச் சேர்ந்த ஜான்சன் முதலில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் செனட் அவையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராகவும் உயர்ந்தார். 1961இல் துணைக் குடியரசுத் தலைவரானார். வாசிங்டனில் 30ஆம் பிளேசு என்னும் தெருவில் ஜான்சன் குடும்பமும் ஹூவரும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எதிரெதிரே சில வீடுகள் தள்ளிக் குடியிருந்தனர். அலுவலக உறவுக்கு முன்பே அண்டைவீட்டு உறவு இருந்தது. பதிவுகளில் ஜான்சன் அவரை ‘எட்கர்’ என்று பெயர் சொல்லி அழைப்பதையும், ஹூவர் ‘குடியரசுத் தலைவர் அவர்களே’ என்று மரியாதை வழுவாமல் பேசுவதையும் கேட்கலாம்.

பதிவு செய்யப்பட்ட முறை

குடியரசுத் தலைவர்கள் உரையாடல்களைப் பதிவு செய்வது ஜான்சன் தொடங்கிய வழக்கம் அன்று. ரூசுவெல்ட் 1940இல் சில பதிவுகளைச் செய்தார். கென்னடியும் செய்தார். ஜான்சன் தொலைபேசிப் பேச்சுகளுக்கு டிக்டாஃபோன் என்னும் கருவியைப் பயன்படுத்தினார். அலுவலகங்களில் கடிதம் சொல்லி எழுதவைப்பதற்காக அக்காலத்தில் இருந்த கருவி அது. மெல்லிய நெகிழிப் பட்டை ஒன்றின் மேல் ஊசி கோடு கீறிச் செல்லும். ஒரு பட்டையில் ஏறக்குறைய கால் மணி நேரப் பேச்சு அடங்கும். எந்தப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஜான்சன் சைகை காட்டுவார். உதவியாளர் கருவியை இயக்குவார். அவற்றுள் சிலவற்றைச் செயலர்கள் தட்டச்சு செய்து வைத்தனர்.

மறுமுனையில் இருப்பவருக்குப் பொதுவாக இது தெரியாது. பேசும் இருவருள் ஒருவர் சம்மதித்தாலே போதும் என்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின் நிலை. ஆகவே இது சட்டமீறல் அன்று. ஆயினும் 1965 சூன் 30 அன்று, நாட்டின் பாதுகாப்பு தொடர்பானவை தவிர, அரசு அமைப்புகள் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்கக் கூடாது என்று ஆணையிட்டவரும் இதே ஜான்சன்தான்.

கொலைக்கு மறுநாள் காலை

1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, டல்லாசு நகரில் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். விமான நிலையத்தில் நின்றிருந்த விமானத்திலேயே ஜான்சன் பதவியேற்றார். மறுநாள் காலை 10 மணிக்கு ஹூவர் அவரிடம் தொலைபேசியில் விசாரணையின் நிலையை விளக்கினார்.

லீ ஆர்வி ஆசுவால்டு கைது செய்யப்பட்டிருந்தாலும் அதுவரை கிடைத்த சான்றுகள் அவ்வளவு வலுவாக இல்லை என்று ஹூவர் அப்போது சொன்னார். துப்பாக்கி சிகாகோவிலிருந்து அஞ்சல் வழியாக வேறொரு பெயரில் வாங்கப்பட்டதையும், அதன் விலை 21 டாலர் என்பதையும் தெரிவித்தார். மெக்சிகோ நகரிலுள்ள சோவியத் தூதரகத்துக்கு ஆசுவால்டின் பெயரைச் சொல்லிச் சென்ற ஒருவரின் படமும் குரலும் ஆசுவால்டுடன் பொருந்தவில்லை என்ற செய்தியையும் சொன்னார். கியூபா நெருக்கடி முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்த நேரம் அது. கொலைக்குப் பின்னால் சோவியத் ஒன்றியம் இருக்கிறது என்ற பேச்சு பரவினால் அணுப்போர் மூளக்கூடும், கோடிக்கணக்கானோர் மடியக்கூடும் என்று ஜான்சன் அஞ்சினார். ஆணையத்தில் சேரத் தயங்கியவர்களை இணங்கச் செய்ய அவர் பயன்படுத்தியதும் இந்த அச்சத்தைத்தான்.

இந்த முதல் உரையாடலின் தட்டச்சுப் படி மட்டுமே இன்று உள்ளது. ஒலிப்பதிவுப் பட்டையில் அந்தப் பகுதியில் பேச்சு இல்லை. இரைச்சல் மட்டுமே கேட்கிறது. தட்டச்சு செய்து வைத்தவர் இல்லாதிருந்தால் அந்தப் பேச்சு நடந்ததற்கான விரிவான சான்றே நமக்குக் கிடைத்திருக்காது.

நவம்பர் 24 அன்று, காவலில் இருந்த ஆசுவால்டை ஜாக் ரூபி சுட்டுக் கொன்றார். குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வருமுன்பே இறந்துவிட்டார். அன்றே ஹூவர் வெள்ளை மாளிகை உதவியாளர் ஒருவரிடம், உண்மையான கொலையாளி ஆசுவால்டுதான் என்று மக்களை நம்பவைக்கும் வகையில் ஏதாவது ஓர் அறிக்கை வெளிவர வேண்டும் என்று கூறியதாகக் குறிப்பு உள்ளது. விசாரணை தொடங்கி ஏறக்குறைய இரண்டு நாளே ஆன நிலையில் முடிவு முன்னால் வந்து நின்றுவிட்டது.

ஆணையம் அமைந்த கதை

கொலையை ஆராயத் தனி ஆணையம் வேண்டும் என்ற கருத்து எழுந்தபோது ஜான்சன் முதலில் அதை விரும்பவில்லை. கொலை டெக்சாசு மாநிலத்தில் நடந்தது. மாநில விசாரணையும் எஃப்.பி.ஐ. அறிக்கையும் போதும் என்பது அவர் எண்ணம். நவம்பர் 25 அன்று நடந்த உரையாடலில் இதை ஹூவரிடம் சொல்லி, ஆணையம் கோரும் தலையங்கத்தை வாசிங்டன் போசுட்டு நாளிதழ் வெளியிடாமல் தடுக்க அவருடைய உதவியைக் கேட்டார். அந்த நாளிதழைத் தாம் படிப்பதே இல்லை என்றும், கம்யூனிசுட்டுக் கட்சியின் நாளிதழைப்போலவே அதையும் கருதுவதாகவும் ஹூவர் பதிலளித்தார்.

நான்கு நாள்களில் ஜான்சனின் நிலை மாறியது. பல இடங்களில் பல விசாரணைகள் தொடங்கிவிடும் என்ற நிலையில், ஒரே ஆணையமே மேல் என்று முடிவு செய்தார். நவம்பர் 29 பிற்பகல் ஹூவரிடம் பேசும்போது உறுப்பினர்களாக நினைத்திருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கருத்துக் கேட்டார். விசாரணை நடத்தும் அமைப்பின் தலைவரிடமே, அந்த விசாரணையை மேற்பார்வையிடப்போகும் ஆணையத்தில் யார் இருக்கலாம் என்று கேட்ட விநோதம் இங்கே பதிவாகியுள்ளது. அன்றே தலைமை நீதிபதி எர்ல் வாரன் தலைமையில் ஏழு பேர் கொண்ட ஆணையம் அறிவிக்கப்பட்டது.

அதே உரையாடலில் ஜான்சன், எத்தனை குண்டுகள் சுடப்பட்டன, அவற்றுள் ஏதேனும் தம்மைக் குறிவைத்ததா என்று கேட்டார். தமக்குக் குண்டு துளைக்காத கார் வேண்டுமா என்றும் ஆலோசனை கேட்டார். ஹூவர் ஓர் அமைப்பின் தலைவர் மட்டுமல்லர், தம் உடன்பிறப்பைப் போன்றவர், பல்லாண்டு நண்பர் என்றும், நகரத்தில் வேறு யாரைக் காட்டிலும் அவருடைய அறிவில் தமக்கு நம்பிக்கை உண்டு என்றும் புகழ்ந்தார். கேட்பவரைத் தம் பக்கம் சாய்த்துக்கொள்வதில் ஜான்சன் வல்லவர். இந்தப் புகழ்ச்சியில் உண்மையான அச்சமும் இருந்தது, கணக்கும் இருந்தது.

ஒலிப்பதிவும் உண்மையும்

ஒலிப்பதிவு என்றாலே அது முழு உண்மை என்று கொள்ளக் கூடாது என்பதற்கும் இதே உரையாடல் எடுத்துக்காட்டு. சுடப்பட்ட மூன்று குண்டுகளுள் முதலாவதும் மூன்றாவதும் கென்னடியையும், இரண்டாவது ஆளுநர் கானலியையும் தாக்கின என்று ஹூவர் உறுதியாகச் சொன்னார். வாரன் ஆணையம் பின்னர் வேறு முடிவுக்கு வந்தது. கென்னடியின் உடலைத் துளைத்த ஒரே குண்டு கானலியையும் தாக்கியிருக்க வேண்டும், ஒரு குண்டு குறி தவறியது என்பது அதன் கருத்து. மருத்துவமனைத் தள்ளுகட்டிலில் கிடைத்த குண்டு பற்றியும் ஹூவர் தவறான தகவலையே தந்தார். அவர் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்குள் கைக்கு வந்த அரைகுறைச் செய்திகளை உறுதியான குரலில் சொன்னார். ஒருவர் என்ன சொன்னார் என்பதற்கே ஒலிப்பதிவு சான்று. சொன்னது சரிதானா என்பதை வேறு சான்றுகளோடு ஒப்பிட்டே அறிய முடியும்.

பேசப்படாதவற்றையும் வரலாற்று மாணவர் தேட வேண்டும். கொலைக்கு முன்பே எஃப்.பி.ஐ. ஆசுவால்டைப் பற்றிக் கோப்பு வைத்திருந்தது. அவரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று 1963 திசம்பரில் 17 அலுவலர்கள் மீது ஹூவர் இரகசியமாக நடவடிக்கை எடுத்தார். கொலைக்குச் சில நாள்களுக்கு முன் டல்லாசு அலுவலகத்தில் ஆசுவால்டு கொடுத்துச் சென்ற ஒரு குறிப்பு, அவர் இறந்த பிறகு அழிக்கப்பட்டது. இது பொதுமக்களுக்குத் தெரியவந்தது 1975இல்தான்.

ஓய்வு வயதும் விலக்கும்

அக்காலத்தில் அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்கள் 70 வயதில் கட்டாயமாக ஓய்வு பெற வேண்டியிருந்தது. ஹூவருக்கு 1965 சனவரி 1 அன்று 70 வயது நிறைவடைய இருந்தது. 1964 மே 8 அன்று வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நடந்த நிகழ்ச்சியில், அவருக்கு அந்த விதியிலிருந்து காலவரையின்றி விலக்கு அளிப்பதாக ஜான்சன் அறிவித்தார்.

காலவரையின்றி என்ற சொல்லில்தான் நுட்பம் உள்ளது. இத்தனை ஆண்டுகள் என்று வரையறை இருந்தால் அதுவரை பதவி உறுதி. வரையறை இல்லாதபோது குடியரசுத் தலைவர் விரும்பும்வரை மட்டுமே பதவி. அந்த நாளிலிருந்து ஹூவரின் நாற்காலி சட்டத்தின் கையில் இல்லை, ஜான்சனின் கையில் இருந்தது. ஹூவரின் அலமாரியிலோ ஜான்சன் உள்ளிட்ட அரசியல்வாதிகளைப் பற்றிய கோப்புகள் இருந்தன. இருவரும் ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்திருந்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

மிசிசிப்பி, 1964

இந்த உறவு நன்மைக்கும் பயன்பட்டது. 1964 சூன் 21 அன்று, கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் பணியில் மிசிசிப்பி மாநிலத்தில் ஈடுபட்டிருந்த ஜேம்சு சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் சுவெர்னர் ஆகிய மூன்று இளைஞர்கள் காணாமல்போனார்கள். சேனி கறுப்பினத்தவர், மற்ற இருவரும் நியூயார்க்கைச் சேர்ந்த வெள்ளை இனத்தவர். சூன் 23 அன்று, அவர்கள் சென்ற கார் எரிந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டதை ஹூவர் தொலைபேசியில் ஜான்சனுக்குத் தெரிவித்தார். உள்ளே உடல்கள் உள்ளனவா என்று அப்போது தெரியவில்லை. குட்மன், சுவெர்னர் ஆகியோரின் பெற்றோர் அதே நாளில் வெள்ளை மாளிகைக்கு வந்திருந்தனர்.

மிசிசிப்பியின் உள்ளூர்க் காவலர்களை நம்ப முடியாது என்பது ஜான்சனுக்குத் தெரியும். கொலையில் உள்ளூர்த் துணை செரிப் ஒருவரே உடந்தை என்பது பின்னர் உறுதியாயிற்று. கறுப்பின மக்களின் போராட்டத்தில் ஹூவருக்கு அக்கறை இல்லை. உரிமைப் போராளிகளுக்குப் பாதுகாப்புத் தருவது தம் அமைப்பின் வேலை இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தவர் அவர். ஜான்சன் மீண்டும் மீண்டும் வற்புறுத்தி, அம்மாநிலத்தில் எஃப்.பி.ஐ. ஆட்களைப் பெருக்கச் செய்தார். குடியுரிமைச் சட்டம் சூலை 2 அன்று கையெழுத்தானது. சூலை 10 அன்று ஹூவரே மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சனுக்குச் சென்று புதிய அலுவலகத்தைத் திறந்துவைத்தார்.

ஆகத்து 4 அன்று, ஒரு பண்ணையின் மண் அணைக்கு அடியில் மூவரின் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன. தேடுதலின்போது வேறு உடல்களும் கிடைத்தன. அவற்றுள் என்றி டீ, சார்லசு மூர் என்னும் 19 வயதுக் கறுப்பின இளைஞர்கள் இருவர் உண்டு. அவர்கள் மே மாதமே கொல்லப்பட்டிருந்தனர். நாட்டின் கவனம் வேறு மூவரைத் தேடியபோதுதான் அவர்களின் உடல்களும் வெளிவந்தன. மூவர் கொலை தொடர்பாக 1967இல் ஏழு பேர் கூட்டரசு நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். திட்டம் தீட்டிய எட்கர் ரே கில்லன் தண்டிக்கப்பட்டது 2005இல், 41 ஆண்டுகளுக்குப் பிறகு.

அதே தொலைபேசி, வேறு பயன்

1963 அக்டோபரில், அன்றைய சட்டத்துறைத் தலைவர் ராபர்ட் கென்னடியின் ஒப்புதலோடு, மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்கத் தொடங்கியது. அவர் தங்கிய விடுதி அறைகளில் இரகசிய ஒலிவாங்கிகளும் வைக்கப்பட்டன. கிங்கின் தனிவாழ்வு பற்றிய அறிக்கைகள் வெள்ளை மாளிகைக்கு அனுப்பப்பட்டன. அவற்றை ஜான்சன் நிறுத்தச் சொல்லவில்லை. கிங்கை நேரில் அழைத்துச் சட்டங்களைப் பற்றிப் பேசியவரும், அவரைப் பற்றிய இரகசிய அறிக்கைகளைப் பெற்றவரும் ஒரே மனிதர்.

1964 ஆகத்தில் அட்லாண்டிக் சிட்டி நகரில் சனநாயகக் கட்சியின் மாநாடு நடந்தது. மிசிசிப்பியின் கறுப்பின மக்கள் தங்களுக்கும் இடம் கேட்டு அங்கே வந்திருந்தனர். இதனால் தம் வேட்புமனுவுக்கு இடையூறு வருமோ என்று அஞ்சினார் ஜான்சன். அவருக்காக ஹூவரின் துணைவர் ஒருவர் தலைமையில் எஃப்.பி.ஐ. குழு ஒன்று அங்கே இயங்கி, கிங்கின் அறைத் தொலைபேசியை ஒட்டுக்கேட்டு, செய்திகளை உடனுக்குடன் வெள்ளை மாளிகைக்கு அனுப்பியது. குற்றம் எதுவும் நடக்கவில்லை. கட்சி அரசியலுக்காகக் காவல் அமைப்பு பயன்படுத்தப்பட்டது.

அதே ஆண்டு நவம்பர் 18 அன்று கிங்கை நாட்டிலேயே பெரிய பொய்யர் என்று ஹூவர் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகத் தாக்கினார். சில நாள்களில், கிங்கைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகப் பொருள்படும் ஒரு மொட்டைக் கடிதமும் ஒலிநாடாவும் எஃப்.பி.ஐ.யிலிருந்து அனுப்பப்பட்டன. அடுத்த மாதம் கிங் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். சனவரியில் அந்த உறையைப் பிரித்தவர் அவருடைய மனைவி கொரெட்டா.

1965 மார்ச்சு 25 அன்று, செல்மா ஊர்வலம் முடிந்த இரவு, வயோலா லியூசோ என்னும் ஐந்து பிள்ளைகளின் தாய் அலபாமாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிகளின் காரில் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் தரும் ஆள் ஒருவரும் இருந்தார். மறுநாள் காலை ஹூவர் இதைத் தொலைபேசியில் ஜான்சனிடம் தெரிவித்தார். இறந்த பெண்ணைப் பற்றி இழிவான செய்திகளையும் சேர்த்துச் சொன்னார். அன்றே ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றிக் கைதுகளை அறிவித்தார். ஹூவர் அருகில் நின்றார். நாடு எஃப்.பி.ஐ.யின் வேகத்தைப் பாராட்டியது. தன் ஆள் காரில் இருந்ததை மறைத்து, இறந்தவரின் பெயரைக் கெடுக்க அந்த அமைப்பு முயன்றது குடும்பத்தினருக்குத் தெரியவரப் பல ஆண்டுகள் ஆயின.

மிசிசிப்பியில் நீதி கிடைக்க வழிசெய்ததும் அட்லாண்டிக் சிட்டியில் வேவு பார்த்ததும் ஒரே உறவுதான். இரண்டு இடங்களிலும் முடிவு செய்தவை ஒரு மனிதரின் விருப்பமும் மற்றொரு மனிதரின் இணக்கமுமே. சட்டமோ நாடாளுமன்றமோ நீதிமன்றமோ இடையில் இல்லை. நல்ல தலைவர் வாய்த்தால் நன்மை நடக்கும் என்று விட்டுவிட முடியாது என்பதற்கு ஜான்சனே சான்று. ஒரே தலைவரிடம் இரண்டும் நடந்தன.

பதிவுகள் வெளிவந்த விதம்

ஜான்சன் 1973 சனவரி 22 அன்று இறந்தார். ஒரு வாரத்தில் அவருடைய உதவியாளர் ஒலிப்பட்டைகளை ஆசுட்டினிலுள்ள ஜான்சன் நூலகத்திடம் ஒப்படைத்தார். 50 ஆண்டுகள் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதன்படி 2023 வரை அவை மூடியே இருந்திருக்க வேண்டும். ஆனால் கென்னடி கொலை தொடர்பான ஆவணங்களைத் திறக்க வேண்டும் என்று 1992இல் சட்டம் வந்தது. கெட்டுவரும் பட்டைகளைக் காக்க வேண்டும் என்ற கவலையும் சேர்ந்தது. 1993 முதல் படிப்படியாக அவை வெளியிடப்பட்டன. மொத்தத் தொலைபேசிப் பதிவுகள் ஏறக்குறைய 643 மணி நேரம் ஓடுகின்றன. இன்று இணையத்தில் எவரும் அவற்றைக் கேட்கலாம்.

இடையில் வேறு மாற்றங்களும் நடந்தன. 1971இல் பென்சில்வேனியாவின் மீடியா நகரில் எஃப்.பி.ஐ. அலுவலகத்திலிருந்து குடிமக்கள் சிலர் எடுத்துச் சென்ற கோப்புகள் வழியாக இரகசியக் கண்காணிப்பு வெளிப்பட்டது. 1974இல் தம் அலுவலக ஒலிநாடாக்களே காட்டிக்கொடுத்ததால் நிக்சன் பதவி விலகினார். 1975–76இல் செனட் அவையின் சர்ச்சு குழு எஃப்.பி.ஐ.யின் அத்துமீறல்களை விரிவாக விசாரித்தது. 1976இல் எஃப்.பி.ஐ. இயக்குநரின் பதவிக்காலம் பத்து ஆண்டுகள் என வரையறுக்கப்பட்டது. இன்னொரு ஹூவர் உருவாகக் கூடாது என்பதும், இயக்குநர் ஒவ்வொரு தலைவரின் முகத்தையும் பார்த்து நடக்க வேண்டிய நிலை கூடாது என்பதும் அதன் நோக்கம்.

வரம்பு மட்டும் போதவில்லை. 2017இல் குடியரசுத் தலைவர் டிரம்ப், மார்ச்சு 30, ஏப்பிரல் 11 ஆகிய நாள்களில் இயக்குநர் ஜேம்சு கோமியைத் தொலைபேசியில் அழைத்து, உருசியா தொடர்பான விசாரணை தம்மீது நிழலாகப் படிவதைப் பற்றிப் பேசினார் என்று கோமி செனட் குழுவிடம் சாட்சியம் அளித்தார். மே 9 அன்று கோமி நீக்கப்பட்டார். இம்முறை ஒலிப்பதிவு இல்லை. பேச்சு முடிந்தவுடன் கோமி எழுதிவைத்த குறிப்புகளே ஆவணமாயின. ஜான்சன் காலத்தில் பதிவு தலைவரின் கையில் இருந்தது; இங்கே அதிகாரியின் கையில் இருந்தது.

இந்தியாவில் நிலை

நம் நாட்டில் ஆட்சித் தலைவர்கள் காவல் தலைவர்களோடு பேசியவற்றின் இத்தகைய தொகுப்பு எதுவும் பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. நமக்குக் கிடைப்பவை விசாரணை ஆணையங்களின் அறிக்கைகளே. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட 1975 சூன் 25 இரவில் தில்லி நாளிதழ் அலுவலகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அது வாய்மொழி ஆணையால் நடந்தது என்பதை 1977இல் அமைக்கப்பட்ட ஷா ஆணையம் வெளிக்கொணர்ந்தது. எழுத்து இல்லாதபோது ஒவ்வோர் அதிகாரியும் மேலே கைகாட்ட முடிந்தது.

தமிழ்நாட்டிலும் நெருக்கமான ஒரு நிகழ்வு உண்டு. 2008 ஏப்பிரலில், அப்போதைய தலைமைச் செயலாளருக்கும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையின் உயர் அதிகாரிக்கும் இடையே நடந்த தொலைபேசிப் பேச்சு நாளிதழில் வெளியானது. பேச்சு பதிவானதும் வெளியானதும் எப்படி என்று ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி பி. சண்முகம் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அடுத்த மாதம் அதே அதிகாரியோடு அமைச்சர் ஒருவர் பேசிய பேச்சும் வெளியாகி, அமைச்சர் பதவி விலகினார். ‘யார் ஒட்டுக்கேட்டது?’ என்ற கேள்வி எழுந்த அளவுக்கு, ‘இப்படிப் பேசலாமா?’ என்ற கேள்வி விவாதிக்கப்படவில்லை. இரண்டும் முக்கியமான கேள்விகளே.

முதல் கேள்விக்கு 1996 திசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், குடியுரிமைகளுக்கான மக்கள் கழகம் தொடுத்த வழக்கில் விடை தந்தது. தொலைபேசியில் பேசுவது தனியுரிமையின் பகுதி, உள்துறைச் செயலரின் எழுத்துப்பூர்வ ஆணையின்றி ஒட்டுக்கேட்கக் கூடாது, அந்த ஆணையை ஒரு குழு மறுஆய்வு செய்ய வேண்டும் என்றது. இரண்டாவது கேள்விக்கு இரண்டு தீர்ப்புகள் உள்ளன. 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில், மாநிலக் காவல்துறைத் தலைவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. 2013 அக்டோபர் 31 அன்று, முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், அதிகாரிகள் வாய்மொழி ஆணைகளின்படி செயல்படக் கூடாது, அவற்றை எழுத்தில் பதிய வேண்டும் என்று கூறப்பட்டது. எழுத்தே இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் குடிமகன் எதைக் கேட்டுப் பெறுவான் என்பதும் அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று.

கள்ளக்குறிச்சி வாசகர்களுக்கு

இது தொலைவான செய்தி அன்று. கல்வராயன் மலையில், நாடு விடுதலை பெற்ற பின்னும் பல ஆண்டுகள் ஜாகிர்தார்களின் செல்வாக்கு நீடித்தது. மலைவாழ் மக்களுக்கு அவர்கள் வாய்ச்சொல்லே ஆணை. வாய்ச்சொல்லை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. காட்டுவதற்குக் காகிதம் இருக்காது.

2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்ட கள்ளக்குறிச்சியில், 2024 சூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கருணாபுரம் பகுதியில் வீட்டுக்கு வீடு சாவு. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார். 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. ‘காவல்துறைக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், யார் யாரிடம் என்ன சொன்னார்கள்?’ என்று அந்தக் குடும்பங்கள் கேட்பதும், லியூசோவின் பிள்ளைகள் கேட்டதும் ஒரே கேள்விதான். இதற்கு விடை கிடைப்பது, அன்றன்று பேசியவை எழுத்தில் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது.

மதிப்பீடு

ஜான்சன் தம் வசதிக்காகவே பதிவு செய்தார். யாரேனும் பேச்சு மாறினால் நினைவூட்டவும், பின்னாளில் நூல் எழுதவும் அவை பயன்படும் என்று கருதினார். மக்களுக்குக் கணக்குக் காட்டுவது அவர் நோக்கம் அன்று. ஆயினும் அந்தப் பட்டைகளே இன்று அவருடைய துணிவுக்கும் தவறுக்கும் சான்றாக உள்ளன.

இந்தப் பதிவுகளைக் கேட்கும் மாணவர்கள் மூன்று செய்திகளைக் கவனிக்கலாம். ஒருவர் மற்றவரிடம் என்ன கேட்கிறார்? கேட்டதைச் செய்யச் சட்டத்தில் இடம் உண்டா? அந்தப் பேச்சின் விளைவு யார் வாழ்வைத் தொட்டது? கென்னடி, சேனி, கிங், லியூசோ ஆகியோரின் பெயர்கள் அந்த உரையாடல்களிலும் கோப்புகளிலும் வந்துபோகின்றன. அவர்களுள் எவருக்கும் இவ்விருவரின் உரையாடல்களில் பேச வாய்ப்பு இருக்கவில்லை.